அளவுகோலைக் கீழே வையுங்கள்: தாழ்வு மனப்பான்மையிலிருந்து எழச் செஞ்சிச் சமணம் தரும் ஆறு படிகள்

இந்த அத்தியாயம் யாருக்கு?

கல்யாண வீட்டுக்குப் போனால் கடைசி வரிசையைத் தேடி உட்காருகிறவரா நீங்கள்? யாராவது பாராட்டினால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று உடனே தட்டிவிடுகிறீர்களா? பத்துப் பேர் நல்லது சொன்ன நாளிலும் பதினோராவது ஆள் சொன்ன சுடுசொல்லோடுதான் படுக்கப் போகிறீர்களா? மதிப்பெண், சம்பளம், நிறம், பிறந்த தெரு, தள்ளிப்போகும் கல்யாணம் என்று ஏதோ ஒன்றைக் காட்டி "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறதா? அப்படியானால் மேலே படியுங்கள்.

செஞ்சி என்றால் எல்லாருக்கும் கோட்டைதான் நினைவுக்கு வரும். அந்தக் கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே சமணம் வேரூன்றியிருந்தது. செஞ்சியை ஒட்டிய சிறுகடம்பூரில் திருநாதர்குன்று இருக்கிறது. அங்குள்ள ஒரு கல்வெட்டு ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பக்கத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இன்றும் இயங்குகிறது. செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் நயினார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. இவர்கள் மரபில் சாமாயிகம் என்ற தினசரிப் பயிற்சி உண்டு. மனத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம்.

அந்த மரபிலுள்ள ஆறு கடமைகளைத்தான் இங்கே படிகளாக வைத்திருக்கிறோம். நேரக் கணக்கும் எழுத்துப் பயிற்சியும் தாழ்வு மனப்பான்மை உள்ளவர்களுக்காக இந்நூலில் சேர்த்தவை. இதைச் செய்ய நீங்கள் சமணராக வேண்டியதில்லை. உங்கள் சாமியை விட வேண்டியதும் இல்லை.

முதலில் பாதுகாப்பு

கீழே உள்ளவற்றில் ஏதேனும் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால், பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

1. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டிருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை.
2. உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்கிறீர்கள்.
3. "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற எண்ணம் வருகிறது.

மூன்றாவது எண்ணம் வந்தால் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இப்போதே அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 சேவையும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பவர்கள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்தாமலே இந்தப் பயிற்சியைச் செய்யலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையல்ல.

இன்னொன்று. உங்களைச் சாதி சொல்லி ஒருவர் இழிவுபடுத்துகிறார், அல்லது வீட்டில் அடிக்கிறார்கள் என்றால், சீர்ப்பட வேண்டியது உங்கள் மனம் அல்ல. முதல் வகைக்கு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பெண்கள் 181ஐ அழைக்கலாம். தியானத்தில் உட்கார்ந்து அநியாயத்தைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று இந்நூல் ஒருபோதும் சொல்லாது.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே கொள்கை

எல்லா உயிருக்கும் எல்லையற்ற அறிவு, எல்லையற்ற காட்சி, எல்லையற்ற இன்பம், எல்லையற்ற ஆற்றல் என்ற நான்கும் இயல்பாகவே உண்டு என்பது சமணத்தின் அடிப்படை. வினை அவற்றை மறைக்கலாம், அழிக்க முடியாது. மிகச் சிறிய உயிரிடத்திலும் அறிவு முழுவதுமாக மறைந்துபோவதில்லை என்று சமண நூல்கள் அழுத்திச் சொல்கின்றன.

வினைகள் எட்டு. அவற்றில் நான்கு காதி வினைகள். உயிரின் குணத்தை மறைப்பவை. மற்ற நான்கு அகாதி வினைகள்: இன்ப துன்பம், ஆயுள், உடல் அமைப்பு, பிறந்த குலம் ஆகியவற்றைத் தீர்மானிப்பவை. இந்த நான்கும் உயிரின் குணத்தைத் தொடுவதே இல்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ஒருவரை எடைபோட எதையெல்லாம் பார்க்கிறார்கள்? முகம், நிறம், உயரம், குலம், வசதி. அத்தனையும் அகாதிக் கணக்கில் வருபவை.

செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு நெல் மூட்டை கொண்டுவரும் விவசாயிக்கு இது எளிதில் புரியும். விலை ஒரு நாள் ஏறும், மறுநாள் இறங்கும். விலை இறங்கியதற்காக மூட்டையின் எடை குறைந்துவிடாது. ஊர் உங்களுக்குப் போடுவது அன்றைய விலை. அதை உங்கள் எடை என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

கொள்கை இவ்வளவு போதும். இனி வேலை.

தயாரிப்பு: எந்த அளவுகோலால் உங்களை அடிக்கிறீர்கள்?

இதை ஒரே ஒரு முறை, தொடங்கும் நாளுக்கு முந்தைய மாலையில் செய்யுங்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் இல்லறத்தாருக்கான சமண ஒழுக்க நூல். மனிதருக்கு எட்டு வகைச் செருக்கு வரும் என்று அது பட்டியல் போடுகிறது. அருங்கலச்செப்பு என்ற தமிழ் நூலும் இதே வழியில் வந்தது. அந்த எட்டு இவை:

1. அறிவு: படிப்பு, மதிப்பெண், ஆங்கிலம் பேசுவது.
2. பூசனை: பிறர் தரும் மரியாதை, பாராட்டு, அழைப்பு.
3. குலம்: தந்தை வழிப் பெருமை.
4. சாதி: தாய் வழிப் பெருமை.
5. வலிமை: உடல் பலம், ஆள் பலம்.
6. செல்வம்: வீடு, நகை, வேலை, வண்டி.
7. தவம்: விரதம், பக்தி, கட்டுப்பாடு.
8. உடல்: அழகு, நிறம், வயது.

செருக்குக்கான பட்டியல் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். "நான் அவனைவிட மேல்" என்பவரும் "நான் அவனைவிடக் கீழ்" என்பவரும் பிடித்திருப்பது ஒரே கோலைத்தான். ஒருவர் அதன் மேல்முனையில் நிற்கிறார், மற்றவர் கீழ்முனையில். கீழே இருப்பவர் மேலே ஏறிவிட்டால் நோய் தீர்ந்துவிடாது, பெயர் மட்டும் மாறும். கோலைக் கீழே வைப்பதே மருந்து. இந்த அத்தியாயம் முழுவதும் சொல்ல வருவது அதைத்தான்.

செய்முறை:

1. ஒரு நோட்டில் எட்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்.
2. ஒவ்வொன்றின் எதிரிலும், கடந்த ஒரு மாதத்தில் அதைக் காட்டி உங்களை நீங்களே திட்டிய ஒரு சம்பவத்தை ஒரே வரியில் எழுதுங்கள். நினைவுக்கு வராவிட்டால் கோடு போட்டு விடுங்கள்.
3. எது அதிகம் வலிக்கிறதோ அதற்கு வட்டமிடுங்கள். ஒன்று போதும், இரண்டுக்கு மேல் வேண்டாம்.
4. அதே கோலால் நீங்கள் வேறு யாரையாவது மட்டமாக எடைபோட்டது உண்டா? அதையும் ஒரு வரி எழுதுங்கள். கூச்சமாக இருக்கும். எழுதிவிடுங்கள், இது பின்னால் உதவும்.

குறிப்பு: குலமும் சாதியும் உங்கள் வட்டத்துக்குள் வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். நல்ல நம்பிக்கை உள்ளவர் எந்தக் குலத்தில் பிறந்திருந்தாலும் வணங்கத்தக்கவர் என்பது இரத்தினகரண்ட சிராவகாசாரத்தின் முடிவு.

தேவையானவை

• ஒரு பாய் அல்லது துண்டு. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி.
• ஒரு நோட்டு, பேனா. கைபேசியில் எழுத வேண்டாம். ஒரு செய்தி வந்தால் போதும், கவனம் போய்விடும்.
• கடிகாரம்.
• தினமும் ஒரே இடம், ஒரே நேரம். மொட்டை மாடி, சாமி அறை, ஆள் எழும் முன் கூடம், எதுவானாலும் சரி.

சாமாயிகத்துக்கு மரபுக் கணக்கு ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம். தொடக்கத்தில் யாரும் அதற்கு முயல வேண்டாம். நாம் ஒரு நாழிகையில், 24 நிமிடத்தில், முடிக்கப் போகிறோம்.

ஆறு படிகள்

வரிசையை மாற்றாதீர்கள். குறிப்பாக நான்காவது படியை முதலில் செய்தால் பயிற்சி முழுவதும் சுயவசையாக முடியும்.

*படி 1. சமதா (4 நிமிடம்)*

முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். கண்ணை மூடலாம், மூடினால் பயமாக இருக்கிறது என்பவர்கள் தரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். இந்த 24 நிமிடத்துக்கு யாரோடும் எனக்குப் பகையில்லை, என்னோடும் எனக்குப் பகையில்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டாவது பாதிதான் உங்களுக்கு முக்கியம். எண்ணங்கள் வரட்டும். எந்த எண்ணத்துக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

*படி 2. துதி (4 நிமிடம்)*

சமணர் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களை நினைப்பார்கள். தீர்த்தங்கரர்கள் வரம் தருவதில்லை; இந்த உயிர் எந்த அளவுக்கு விளங்க முடியும் என்பதற்கு அவர்கள் சான்று. நீங்கள் உங்கள் இஷ்ட தெய்வத்தையோ மதிக்கும் ஒரு பெரியவரையோ நினைக்கலாம். அவரிடம் எதையும் கேட்காதீர்கள். அவரிடமுள்ள ஒரு குணத்தைப் பெயர் சொல்லுங்கள்: பொறுமை, அஞ்சாமை, உண்மை. அதே குணம் உங்களிடம் எந்தச் சின்ன அளவில் இருக்கிறது என்று தேடுங்கள். நேற்று பஸ்ஸில் ஒரு பாட்டிக்கு இடம் கொடுத்தது கணக்கில் வரும்.

*படி 3. வந்தனை (3 நிமிடம்)*

உங்களுக்கு ஏதாவது கற்றுக்கொடுத்த ஒருவரை நினைத்துக் கைகூப்புங்கள். எழுத்து சொல்லிக்கொடுத்த டீச்சர், தையல் கற்றுத் தந்த சித்தி, வண்டி ஓட்டப் பழக்கிய மாமா, யாராக இருந்தாலும் சரி. அவர் தன் நேரத்தை உங்களுக்குச் செலவிட்டிருக்கிறார். லாயக்கில்லாத ஆளுக்கு அவ்வளவு பாடுபட்டிருப்பாரா?

சமணரின் பஞ்ச நமஸ்கார மந்திரத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஐந்து நிலையினருக்கு வணக்கம் சொல்லும் அந்த மந்திரத்தில் ஒருவருடைய பெயரும் கிடையாது. வணக்கம் குணத்துக்கு. குலமோ பெயரோ ஊரோ கேட்காத அந்த வணக்கம் உங்களுக்குள் இருப்பதையும் சேர்த்துத்தான்.

*படி 4. பிரதிக்கிரமணம் (5 நிமிடம்)*

நேற்றைய நாளைத் திரும்பிப் பார்த்துத் தவறிலிருந்து திரும்பி வருவது. இது எழுத்து வேலை. நோட்டில் ஐந்து வரி, அதற்கு மேல் வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் பேனாவை வைத்துவிடுங்கள். செயலை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள். "பொய் சொன்னேன்" என்பது சரி. "நான் பொய்யன்" என்று எழுதினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

*படி 5. பிரத்யாக்கியானம் (3 நிமிடம்)*

இன்று விட்டுவிடப் போகும் ஒன்றைத் தீர்மானியுங்கள். சின்னதாக, மாலைக்குள் முடிவது தெரிவதாக இருக்கட்டும். "இன்று மதியம் வரை என்னை நானே மக்கு என்று சொல்லமாட்டேன்" போதும். "இனி வாழ்நாளில் தாழ்வாக நினைக்கமாட்டேன்" என்று வேண்டாம். அது அன்றே உடையும், உடைந்ததைக் காட்டி அந்தக் குரல் மறுபடி பேசும்.

*படி 6. காயோத்சர்க்கம் (5 நிமிடம்)*

உடல் மீதுள்ள பிடியை விடுவது. எழுந்து நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி, கைகள் உடலை ஒட்டித் தொங்கட்டும். திகம்பர மரபில் பஞ்ச நமஸ்காரத்தை ஒன்பது முறை, 27 மூச்சில் சொல்வார்கள்: ஒரு முறைக்கு மூன்று மூச்சு. முதல் மூச்சில் இரண்டு வணக்கம், அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் கடைசி ஒன்று. வேறு நம்பிக்கையினர் தங்கள் மந்திரத்தையோ வெறும் எண்ணிக்கையையோ வைத்துக்கொள்ளலாம். நிதானமாக மூச்சு விட்டால் நாலைந்து நிமிடம் ஆகும். தலைசுற்றல் உள்ளவர்கள் உட்கார்ந்தே செய்யலாம்.

ஒரு நோட்டுப் பக்கம் எப்படி இருக்கும்?

ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண் நான்காவது படியை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

*நடந்தது:* முதலாளி எல்லார் முன்னாலும் "உனக்கு எத்தனை தடவை சொல்றது" என்று கத்தினார்.
*குரல் சொன்னது:* நான் மக்கு.
*எந்தக் கோல்:* அறிவு, கொஞ்சம் பூசனையும்.
*என் பங்கு:* இரண்டு சேலையின் விலையை மாற்றி பில் போட்டேன்.
*என் பங்கு அல்லாதது:* நாலு பேர் முன்னால் கத்தியது. அது அவருடைய கோபம்.

ஐந்தாவது படியில் அவர் எழுதுவது: "இன்று பில் போடும்போது டேக்கில் உள்ள விலையை வாய்விட்டு ஒரு தடவை படிப்பேன்."

நான்காவது படியின் கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். தாழ்வு மனப்பான்மை உள்ளவர்கள் பெரும்பாலும் இரண்டு பங்கையும் தங்கள் தலையிலேயே போட்டுக்கொள்வார்கள். தங்கள் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுத்தால், அது பெரும்பாலும் இன்றே திருத்தக்கூடிய சின்ன விஷயமாக இருக்கும்.

பகலில் எடுத்துச் செல்ல: இரண்டு சீட்டுகள்

இந்தச் சிக்கலை வேறு மரபுகளும் கையாண்டிருக்கின்றன. போலந்தில் பிஷிஸ்கா ஊரின் யூத குரு சிம்கா புனிம் (1765–1827) சொன்னதாக ஒரு பயிற்சி யூதர்களிடையே புகழ்பெற்றது. ஒரு பையில் ஒரு சீட்டு: இந்த உலகம் எனக்காகவே படைக்கப்பட்டது என்ற பொருளில். மறு பையில் இன்னொரு சீட்டு: நான் வெறும் மண்ணும் சாம்பலும் என்ற பொருளில். மனம் தாழும்போது முதல் சீட்டை எடுக்க வேண்டும். தலைக்கனம் ஏறும்போது இரண்டாவதை.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஆபிரகாம் ட்வெர்ஸ்கி (1930–2021) யூத குருவாகவும் மனநல மருத்துவராகவும் இருந்தவர். தன்மதிப்பு பற்றிப் பல நூல்கள் எழுதினார். பணிவும் தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்வதும் ஒன்றல்ல; தன் தகுதியை உண்மையாக அறிந்தவரால்தான் உண்மையில் பணிய முடியும் என்பது அவர் வாதம். எட்டு செருக்குகளைப் பட்டியலிட்ட சமண நூலோடு இது அழகாகப் பொருந்துகிறது.

செய்முறை:

1. பஸ் டிக்கெட் அளவில் இரண்டு காகிதத் துண்டுகள் எடுங்கள்.
2. ஒன்றில் உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்: என்னுள் இருப்பது குறையாதது.
3. மற்றதில்: மற்றவருள் இருப்பதும் அதுவே.
4. சட்டைப்பையிலோ மணிபர்ஸிலோ தனித்தனியாக வையுங்கள்.
5. முதல் மாதம் பெரும்பாலும் முதல் சீட்டுதான் வேண்டியிருக்கும். இரண்டாவதையும் எடுத்துச் செல்லத் தவறாதீர்கள். உங்களை அவமதித்தவரை மட்டமாக நினைக்கத் தொடங்கும்போது அதுதான் காப்பாற்றும்.

மூன்று வாரத் திட்டம்

*முதல் வாரம்:* படி 1, 3, 6 மட்டும். 12 நிமிடம். எழுத்து வேண்டாம். உட்காரப் பழகுவதே குறிக்கோள்.

*இரண்டாம் வாரம்:* ஆறு படிகளும். 24 நிமிடம். ஒரு வரி எழுதினாலும் போதும்.

*மூன்றாம் வாரம்:* காலையில் ஆறு படிகள். மாலையில் படி 6 மட்டும் இன்னொரு முறை. பகலில் இரண்டு சீட்டுகள். இந்த வாரத்தில் ஒருவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், அல்லது ஒருவரை மன்னியுங்கள். திகம்பர சமணர் தசலட்சணப் பருவத்தின் முடிவில் சமாவாணி என்று ஒரு நாளையே இதற்காக வைத்திருக்கிறார்கள். உற்றாரிடமும் மற்றவரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள், மன்னிப்பார்கள். நீங்கள் மன்னிக்க வேண்டியவர்கள் பட்டியலில் உங்கள் பெயரையும் சேருங்கள்.

அதன்பின் விருப்பமுள்ளவர்கள் நேரத்தை 48 நிமிடம் வரை கூட்டலாம். 24 நிமிடத்திலேயே நின்றாலும் குறையில்லை.

வழக்கமாக நேரும் தவறுகள்

1. *தியானத்திலும் போட்டி.* "அவளுக்கு மனம் நிற்கிறது, எனக்கு நிற்கவில்லை." எட்டில் ஏழாவது கோல் இது: தவம். கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோலின் பெயரைச் சொல்லிவிட்டு முதல் படிக்குத் திரும்புங்கள்.

2. *வினை என்ற சொல்லைத் தண்டனையாக எடுத்துக்கொள்வது.* "போன ஜென்மத்துப் பாவம், அனுபவிக்கிறேன்" என்று முடங்குவது சமணத்தின் போக்கு அல்ல. வந்த வினை உதிரும், புதியதைத் தடுக்கலாம், இரண்டும் உங்கள் முயற்சியால் நடக்கும் என்பதுதான் அதன் பாடம்.

3. *எல்லாத் தியானங்களையும் ஒன்றாகச் செய்வது.* சமணத்தில் பன்னிரண்டு சிந்தனைகள் உண்டு. அவற்றுள் அசுசி என்பது உடலின் தூய்மையின்மையை நினைப்பது. துறவிக்கு அது உடல் பற்றை அறுக்கும் கருவி. தன் நிறத்தையோ உருவத்தையோ ஏற்கெனவே வெறுக்கிறவர் அதை எடுத்தால் புண்ணைக் கிளறியதாகும். எட்டாவது கோலுக்கு வட்டமிட்டவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

4. *பாராட்டை மறுப்பது பணிவு என்று நினைப்பது.* யாராவது பாராட்டினால் "நன்றி" என்று ஒரு சொல் சொல்லி நிறுத்திப் பழகுங்கள். அந்த "ஒன்றுமில்லை"யை விழுங்கிவிடுங்கள்.

5. *ஒரு நாள் விட்டதும் மொத்தமாக விடுவது.* விட்ட நாளை ஈடுகட்ட இரட்டிப்பாக உட்காராதீர்கள். மறுநாள் வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவே செய்யுங்கள்.

6. *உள்ளே இருக்கும் குரலோடு வாதாடுவது.* அது வக்கீல் மாதிரி பேசும்; நீங்கள் ஜெயிக்க முடியாது. "இது பூசனைக் கோல்" என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு அடுத்த மூச்சுக்கு வாருங்கள்.

செஞ்சியில் ஒரு காலை

முடிந்தவர்கள் மூன்றாம் வாரத்தில் ஒரு காலையைச் செஞ்சிக்கு ஒதுக்குங்கள்.

1. *விடிந்ததும் கிளம்புங்கள்.* செஞ்சிப் பாறைகள் வெயிலில் சீக்கிரம் கொதிக்கும். தண்ணீர், தொப்பி அவசியம். தனியாகப் போக வேண்டாம். ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

2. *ராஜகிரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.* கோட்டை உச்சி சுமார் 800 அடி. படிகள் செங்குத்தானவை, குரங்குகளும் கைப்பையைக் குறிவைக்கும். யார் முதலில் ஏறினார்கள் என்ற போட்டி அங்கே தானாக வந்துவிடும். இன்றைய வேலைக்குத் திருநாதர்குன்றே போதும்.

3. *பாறையின் முன் நின்று பாருங்கள்.* பெரிய பாறை ஒன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசையில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். மேல்வரிசையில் இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகப் பாருங்கள். ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே அமர்வு. இவர்களில் யார் பெரியவர் என்று கண்டுபிடிக்க முயன்று பாருங்கள். முடியாது. அந்தச் சிற்பி அளவுகோலைக் கல்லை அளக்கத்தான் பயன்படுத்தியிருக்கிறார். ஆறாவது படியை இங்கே நின்று செய்யுங்கள்.

4. *கல்வெட்டைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள்.* சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்ததை இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பின்னாளைய இன்னொன்று 30 நாள் நோன்பைக் குறிக்கிறது. அது வாழ்வை நிறைவாக வாழ்ந்து முடித்த துறவியர், குருவின் அனுமதியோடு, மனக்கலக்கம் சிறிதும் இல்லாத நிலையில் ஏற்ற விரதம். வெறுப்பாலோ விரக்தியாலோ உயிரை விடுவதைச் சமணம் ஏற்பதில்லை. தன்னை வெறுக்கும் மனநிலையில் இருப்பவர் பட்டினி கிடப்பது தவம் ஆகாது, தண்டனை. இந்தப் பயிற்சிக் காலத்தில் மூன்று வேளையும் சாப்பிடுங்கள். சமணரைப் பின்பற்ற ஆசையிருந்தால், பொழுது சாயும் முன் இரவு உணவை முடித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

5. *மேல்சித்தாமூருக்குப் போங்கள்.* தோல் பெல்ட், தோல் பை இல்லாமல் போவது நல்லது. பார்சுவநாதர் கோயிலை வணங்கிவிட்டு, மல்லிநாதர் கோயிலில் பாறையில் செதுக்கிய பாகுபலியைப் பாருங்கள். அண்ணன் பரதனோடு நடந்த கண்போரிலும் நீர்ப்போரிலும் மற்போரிலும் அவர்தான் வென்றார். வென்ற அந்தக் கணத்திலேயே நாட்டை வேண்டாம் என்று விட்டுத் தவத்தில் நின்றார். கால்களில் கொடி படர்ந்தது. தோற்றவர் போட்டியை விடுவது வேறு. வென்றவரே விட்டார் என்பதால்தான் அந்தச் சிற்பத்தின் முன் நிற்க வேண்டும்.

6. *பாறையில் பெயர் எழுதாதீர்கள், சிற்பங்களைத் தொடாதீர்கள்.* மடத்தில் யாரையாவது பார்க்க நேர்ந்தால் சாமாயிகம் பற்றிக் கேளுங்கள். செய்து பழகியவர் ஒருவர் பத்து நிமிடம் சொல்வது இந்த அத்தியாயத்தைவிடப் பயன்படும்.

தேறி வருகிறோம் என்று எப்படித் தெரியும்?

21ஆம் நாள் முடிந்ததும் முதல் நாள் நோட்டைத் திறந்து இந்த நான்கையும் பாருங்கள்.

1. வட்டமிட்ட கோலால் உங்களை அடித்தது குறைந்திருக்கிறதா?
2. ஒரு சுடுசொல்லிலிருந்து மீள ஆகும் நேரம் குறைந்திருக்கிறதா? இரண்டு நாள் ஆனது இப்போது ஒரு மாலையில் தீர்ந்தால் அது பெரிய மாற்றம்.
3. தெரியாததைத் "தெரியாது, சொல்லித் தாங்க" என்று யாரிடமாவது கேட்டீர்களா?
4. பாராட்டுக்கு "நன்றி" சொன்னீர்களா?

இரண்டுக்காவது "ஆம்" வந்தால் தொடருங்கள். நான்குக்கும் "இல்லை" என்றால் நீங்கள் தோற்றதாக அர்த்தமில்லை. தனியாகச் செய்யும் கட்டம் முடிந்தது என்று அர்த்தம். மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு அது மிகவும் உதவும்.

தேறியவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தொடக்கத்தில் நான்காவதாக எழுதிய வரியை எடுங்கள்: இதே கோலால் நீங்கள் யாரை மட்டமாக எடைபோட்டீர்கள்? பெரும்பாலும் அது வீட்டுக்குள்ளேயே இருக்கும். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்" என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு குழந்தையின் கையில் அந்தக் கோலைக் கொடுக்கிறோம். நாளையிலிருந்து ஒரு வாரம், வீட்டில் யாரையும் யாரோடும் ஒப்பிடாமல் இருந்து பாருங்கள். ஐந்தாவது படியில் எழுத வேண்டிய அடுத்த தீர்மானம் அதுதான்.